இழையம் காக்கும் கருவியும் எளியோர் கண்ணும்

(தேனியில் நிகழ்ந்த திங்கட் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிகச் சிறியது. நீளத்தால் ஒரு கைவிரலை ஒத்தது. முனையாலோ நெல்மணியின் மூக்கினும் நுண்ணியது. கண்ணறுவை செய்யும் மருத்துவரின் கையிலுள்ள கருவியே அப்பொருள். இத்துணைச் சிறியதொன்றைப் பற்றிப் பேச ஓர் அவை வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். அக் கருவியின் முனை எவ்வளவு மழமழப்பாக இருக்கின்றது, அதன் துளை எப் பக்கம் பார்த்திருக்கின்றது என்னும் இரண்டையும் பொறுத்தே, ஏலத் தோட்டத்தில் காயெடுத்துப் பிழைக்கும் ஒரு தாய் தன் எஞ்சிய வாழ்நாளை ஒளியில் கழிப்பதும் இருளில் கழிப்பதும் அமைகின்றது. ஆதலின் இது பேசத் தக்க பொருளே.

நம் பள்ளத்தாக்கை முதற்கண் நோக்குங்கள். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர்கள் தொடர்ந்து வருகின்றன. 1895-இல் பெரியாற்று அணை எழுந்தபின் முல்லையாற்று நீர் இம் மண்ணை நனைக்கின்றது. நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சையென்று நாம் வழங்கும் கொடிமுந்திரியும் விளைகின்றன. விடியுமுன்னே வண்டியேறிக் குமுளி மேட்டைக் கடந்து மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் பல்லாயிரவர். ஏலக்காயின் பழுத்த நிறத்தையும் பழாத நிறத்தையும் பிரித்தறிவது கண். கொடிமுந்திரிக் குலையில் அழுகிய கனியைக் கண்டு களைவது கண். இம்மக்களுக்குக் கண் மங்கினால் கூலி மங்கும். கூலி மங்கினால் அடுப்பு மங்கும்.

அகவை முதிர முதிரக் கண்ணின் வில்லை மங்கிக் கெட்டிப்படுவதே கண்புரை. "கண்ணில் புரை விழுந்துவிட்டது" என்று நம் ஊர்ப் பெரியோர் சொல்வது இதனைத்தான். அறுவையன்றி இதற்கு வேறு மருந்தில்லை. எந்தச் சொட்டு மருந்தும், எந்தப் பச்சிலைச் சாறும் இதனைக் கரைக்க மாட்டா. புரை நன்கு முற்றிய பின்னரே மருத்துவரிடம் போகவேண்டும் என்னும் எண்ணம் இன்றும் நம் சிற்றூர்களில் வேரூன்றிக் கிடக்கின்றது. முன்னாளில் மருத்துவர்களே அவ்வாறுதான் சொல்லி வந்தனர். அதற்குக் கரணியம் இருந்தது. இப்போது அக் கரணியம் இல்லை. எப்படி என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

கண்ணுக்குள் உள்ள இடம்

அறுவைக் கருவி இயங்கவேண்டிய இடத்தை மனத்தில் வரைந்து கொள்ளுங்கள். கண்ணின் முகப்பில் கண்ணாடிபோல் தெளிந்து நிற்பது கருவிழி. அதன் நடுத் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதற்குப் பின்னே மூன்று மில்லிமீட்டர் ஆழமுள்ள முன்னறை; அதில் தெளிந்த நீர். அதற்கும் பின்னே, ஒரு மெல்லிய பையுறைக்குள் வில்லை அமர்ந்திருக்கின்றது. இவ்வளவுதான் இடம். ஒரு நெல்லிக்காய்க்குள் புகுந்து, அதன் தோலும் கிழியாமல் உள்நரம்பும் அறாமல் கொட்டையை மட்டும் எடுத்துவரச் சொன்னால் எப்படியோ அப்படிப்பட்ட வேலை இது.

இவ்விடத்தில் இரண்டு இழையங்கள் காக்கப்பட்டே ஆகவேண்டும்.

முதலாவது, கருவிழியின் உட்புறத்தை வரித்து நிற்கும் அகவரிப் படலம். இஃது ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆனது. ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் உள்ள பரப்பில், அகவை முதிர்ந்தோர்க்கு ஏறத்தாழ 2,500 உயிரணுக்கள் இருக்கும். கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாது வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருப்பவை இவையே. தோலில் பட்ட புண் ஆறும். ஒடிந்த எலும்பு கூடும். இவ்வுயிரணுக்களோ மாந்தர்க்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் பெருகி அவ்விடத்தை நிரப்புவதில்லை. அண்டையிலுள்ளவை அகன்று விரிந்து இடைவெளியை மூடும், அவ்வளவே. எண்ணிக்கை 500 அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் கருவிழி நீர்கோத்து வீங்கி வெளுத்துவிடும். புரையை எடுத்தும் பார்வை வராது. வலி மட்டும் மிஞ்சும். பின்னர் இறந்தார் ஒருவரின் கருவிழியைப் பெற்றுப் பொருத்துவதே வழி.

இரண்டாவது, வில்லையின் பின்னுறை. இதன் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு. மயிரிழையிற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இது கிழிந்தால் கண்ணின் பின்புறத்துக் கூழ்ப்பொருள் முன்னே பிதுங்கும். புது வில்லையைத் தாங்கவேண்டிய படுக்கையும் போய்விடும்.

ஆகவே, கண்புரைக் கருவி செய்வோனுக்கு முதல் வினா "எதனை வெட்டுவது?" என்பதன்று. "எதனைத் தொடாதிருப்பது?" என்பதே அவன் முதல் வினா.

பழைய முறையும் அதன் குறையும்

ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் கண்மருத்துவ முகாம் நடத்தி, அங்கேயே அறுவையும் செய்தனர். மேசையே அறுவைக் கட்டில். மின்வெட்டு நேர்ந்தால் கைவிளக்கே துணை. அந்நாளில் வில்லையை அதன் உறையோடு முழுமையாகப் பிடுங்கி எடுத்தனர். உறையே இல்லாதபோது அதற்குள் வேறொரு வில்லையை வைப்பது எங்ஙனம்? ஆகவே நோயாளிக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுத்தனுப்பினர். அக் கண்ணாடி வழியே எல்லாம் பெரிதாகத் தோன்றும்; பக்கப் பார்வை குறையும்; வரப்பில் கால் வைத்தால் பள்ளமா மேடா எனத் தெரியாது. கண்ணாடி உடைந்தால் மீண்டும் குருடு. இருக்கும் அரைப் பார்வையைக் கொடுத்து இந்தப் பார்வையை வாங்குவது ஊதியமற்ற வாணிகம் என்பதால்தான், "முற்றட்டும், பிறகு வா" என்றனர்.

1949-இல் இலண்டனில் ஆரோல்டு இரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தினார். போரில் அடிபட்ட வானோடிகளின் கண்ணில் தைத்த வானூர்திக் கூரைச் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைக் கண்டு, அதே வகைப் பொருளால் வில்லை செய்தார். அவ்வில்லை நம் நாட்டு ஏழைக்கு எட்ட நாற்பதாண்டுகளுக்கும் மேலாயின. இறக்குமதி வில்லையின் விலை நூறு தாலரை ஒட்டியிருந்ததே அதற்குத் தலையாய தடை.

அத் தடையை உடைத்த இடம் நமக்குத் தொலைவிலில்லை. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண்மருத்துவத் துறைத் தலைவராயிருந்து 1976-இல் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வேங்கடசாமி, அவ்வாண்டே பதினொரு படுக்கைகளோடு அரவிந்து கண்மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிளை 1985-இல் இத் தேனியில் எழுந்தது. அப்போது தேனி தனி மாவட்டமாகவும் ஆகவில்லை. 1992-இல் மதுரையில் ஆரோலாபு என்னும் தொழிற்கூடம் நிறுவப்பட்டு, வில்லையின் விலை பத்துத் தாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அவ்வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. மதுரையிலேயே இரு கண்ணும் இழந்த 3,400 பேரை இரு பிரிவாக்கி, பழைய முறையையும் புது வில்லை முறையையும் ஒப்பிட்டு ஆய்ந்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டனர். வில்லை முறையே மேலான பார்வையைத் தருகின்றதென்று அவ்வாய்வு நிலைநாட்டிற்று. "ஏழைக்குக் கண்ணாடி போதும்" என்னும் வாய்ப்பேச்சு அத்தோடு ஒழிந்தது.

பொறியா, கையா?

வில்லையை வைப்பது ஒன்று; புரையை எடுப்பது மற்றொன்று. 1967-இல் அமெரிக்காவில் சார்லசு கெல்மன் என்பார், நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் ஊசியைக் கண்ணுக்குள் செலுத்திப் புரையை நொறுக்கி உறிஞ்சும் பொறியைக் கண்டார். அருமையான முறை, காயம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டுவதில்லை. நம் மருத்துவமனைகளிலும் இன்று அது பெருக வழங்குகின்றது. ஆயினும் பொறியின் விலை பெரிது. அதன் உறுப்புகள் ஓயாது மாற்றப்படவேண்டும். தடைபடா மின்னாற்றல் வேண்டும். பழுதானால் பழுது பார்க்க ஆள் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கணக்கில் முற்றிப் பாக்குப்போல் கெட்டித்துப் பழுப்பேறிய புரையை நொறுக்க மிகுதியான அதிர்வாற்றல் செலவாகும். அதன் அதிர்ச்சியும் வெப்பமும் தாக்குவது நான் முன்சொன்ன அகவரிப் படலத்தைத்தான். நம் தோட்டத் தொழிலாளர் பெரிதும் கொண்டுவருவது அத்தகைய முற்றிய புரையையே.

இந்நிலையில் நம்மவரும் நேபாள நாட்டவரும் வேறொரு வழியைச் செப்பம் செய்தனர். வெண்விழியில் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலத்தில் சாய்வான ஒரு சுரங்கவழி அமைக்கின்றனர். அவ்வழி உட்புறம் விரிந்து முடிவதால், அறுவை முடிந்தபின் கண்ணின் உள்ளழுத்தமே அதனைத் தாழ்ப்பாள்போல் மூடிவிடும். தையல் வேண்டா. தையலில்லையாதலின் தையலைப் பிரிக்க நோயாளி மீண்டும் வரவும் வேண்டா. ஒருநாட் கூலி போனால் ஒருநாட் சோறு போகும் குடும்பத்துக்கு இஃது எத்துணைப் பெரிய பேறு!

இனி, அம்முறைக்குரிய கருவிகளைப் பாருங்கள். பெயர்களை நான் தமிழில் சொல்கின்றேன்.

பிறைக்கத்தி: சுரங்கவழி குடையும் கத்தி. முனை குத்தாமல் பிறைபோல் வளைந்திருப்பதால், அடுக்குக்கு ஊடே வழுக்கிச் செல்லுமே தவிர ஆழத்தே குத்தி இறங்காது.

வளைமுனை ஊசி: வில்லையின் முன்னுறையைத் திறப்பது. மருந்துக் கடையில் விற்கும் இருபத்தாறாம் எண் ஊசியின் நுனியை மருத்துவரே மடித்துக் கொள்கின்றார். உலகின் மிக மலிவான நுண்கருவி இதுவாகத்தான் இருக்கும்.

காப்புப் பாகு: இது கருவியினும் மேலான கருவி. முன்னறையில் இப் பாகினை நிரப்பிவிட்டால், கருவிழிக்கும் கருவிக்கும் இடையே மெத்தைபோல் கிடந்து அகவரிப் படலத்தைக் காக்கும். நீர்போல் உடனே ஒழுகிவிடாது. 1970-களின் இறுதியில் மேலைநாட்டார் சேவற்கொண்டையிலிருந்து பிரித்தெடுத்து ஆக்கிய பாகு விலை மிகுந்தது; குளிர்ப்பெட்டியில் வைத்துப் பேணவேண்டியது. இங்கு நாம் பெரிதும் பயன்கொள்வதோ மரத்திலும் பருத்தியிலும் உள்ள நார்ப்பொருளாகிய செல்லுலோசின் வழிவந்த பாகு. விலை குறைவு, குளிர்ப்பெட்டியும் வேண்டா. வெயிற்காலத்தில் மின்வெட்டு நேரும் ஊருக்கு ஏற்ற பாகு எது என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

நீர்க்கரண்டி: நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள குழிந்த கரண்டி, அதன் நுனியில் 0.3 மில்லிமீட்டர் அளவில் மூன்று துளைகள். புரைக்கொட்டையின் அடியில் இதனைச் செலுத்தி நீரைப் பாய்ச்சினால், கொட்டையை இழுப்பதும் தள்ளுவதும் பெரும்பாலும் நீரின் வேலையாகிவிடும். முரட்டு இழுப்பால் கருவிழியின் உட்புறம் உராயும் கேடு இதனால் குறைகின்றது.

இருகுழல் ஊசி: ஒரு குழலின் வழியே நீர் உள்ளே போகும், மறுகுழலின் வழியே எஞ்சிய புரைச்சிதர் வெளியே வரும். மேலே தொங்கும் புட்டியிலிருந்து நீர் தானே இறங்குகின்றது; கையால் பீச்சாங்குழலை இழுத்தால் உறிஞ்சல் நிகழ்கின்றது. மின்னாற்றல் ஒரு சிறிதும் வேண்டா. உறிஞ்சும் துளை நுனியிலில்லாமல் பக்கத்தே இருப்பதைக் கவனியுங்கள். நுனியில் இருந்தால் பின்னுறையைக் கவ்விக் கிழித்துவிடும். பக்கத்தே இருந்து மேல்நோக்கி வைக்கப்படின் சிதரை மட்டும் கவ்வும். ஒரு துளையை இடம் மாற்றி வைத்ததில் எத்தனை ஆயிரம் கண்கள் பிழைத்தன, எண்ணிப் பாருங்கள்! அத் துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு நின்றாலும் போதும், எல்லாம் பாழ். ஆகவே இக் கருவிகளின் உயிர் அவற்றின் மெருகிலேயே இருக்கின்றது.

இம்முறை ஏழைக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தர முறை என்று எவரேனும் சொன்னால், அவர்க்கு ஒரு விடை உண்டு. நேபாளத்தில் 108 பேரைக் கொண்டு பொறிமுறையையும் கைம்முறையையும் ஒப்பிட்டு நிகழ்த்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆறு திங்கள் கழித்து நோக்கியபோது இரு பிரிவினரின் பார்வையும் ஏறத்தாழ ஒத்திருந்தது. பொறியால் செய்த அறுவைக்குச் சற்றொப்பப் பதினைந்தரை மணித்துளி ஆயிற்று. கையால் செய்ததற்கு ஒன்பது. எளிமை வேறு, இழிவு வேறு. பொறிமுறை விரைவில் காயம் ஆற்றும் என்பது மெய். அதனைப் பழிப்பது என் நோக்கமன்று. எந்த மண்ணில், எந்தக் கண்ணுக்கு, எது பொருந்தும் என்று தேர்வதே அறிவு.

கைக்கேற்ற கருவி

வேங்கடசாமி அவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இளமையில் படை மருத்துவராய்ப் பணியாற்றியபோது கடுமையான மூட்டு முடக்கு நோய் அவரைத் தாக்கியது. கைவிரல்கள் கோணிப்போயின. பேறுகால மருத்துவராக விரும்பியவர் அத்துறையை விடவேண்டியதாயிற்று. கண்மருத்துவத்தைத் தேர்ந்து, கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, தம் கைக்கேற்ற கருவிகளை அமைத்துக் கொண்டு, தம் வாழ்நாளில் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணறுவைகளைச் செய்தார், 2006-இல் மறைந்தார். கருவிக்கேற்பக் கையை மாற்ற இயலாதபோது கைக்கேற்பக் கருவியை மாற்றினார். ஒரு தனிமாந்தர் தம் கைக்குச் செய்ததையே, ஒரு மக்களினம் தன் மண்ணுக்குச் செய்தாக வேண்டும். தட்பமான அறையையும் தடைபடா மின்னையும் நம்பிச் செய்த கருவியை வாங்கி வந்து, நம் ஊரின் புழுதியையும் வெப்பத்தையும் அதன்மேல் பழிசொல்லிக் கொண்டிருத்தல் ஆண்மையாகாது.

கருவியின் பெயரும் அப்படியே. இம் மருத்துவமனைகளில் அறுவைக்குத் துணைநிற்போரும், கருவிகளைத் துலக்கி வெப்பத்தால் நோய்நுண்ணி நீக்குவோரும் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுத்து ஈராண்டு பயிற்சி தரப்பட்ட நம் பெண்மக்கள். ஒரு கருவியின் பெயரே அதன் வேலையைச் சொல்லுமாயின், அதனைக் கையாள்வோர்க்கு அதன் இடரும் உடனே விளங்கும். 'நீர்க்கரண்டி' என்றால் நீர்த்துளை அடைபட்டிருக்கலாகாது என்பது சொல்லிலேயே இருக்கின்றது. 'காப்புப் பாகு' என்றால் அதனைச் சிக்கனம் பார்த்துக் குறைக்கலாகாது என்பதும் அவ்வாறே. பொருள் விளங்காப் பெயரை உருப்போட்டவருக்கு இத் துணை கிடைப்பதில்லை. இஃது உணர்ச்சிப் பேச்சன்று. இழையம் காக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

செய்யத் தக்கவை

முதலாவது, கேட்போராகிய நீங்கள் செய்யவேண்டியது. புரை முற்றட்டும் என்று காத்திராதீர்கள். முற்ற முற்றக் கொட்டை கெட்டிப்படும். கெட்டிப்பட்டதை எடுக்க விசை மிகும். விசை மிகின் உயிரணுக்கள் மடியும். உலகின் மிகச் சிறந்த கருவியினும் மேலாகக் கண்ணின் இழையத்தைக் காப்பது, உரிய காலத்தில் ஒருநாள் முன்னதாகச் செல்லுதலே. மதுரைக்கு ஓடவேண்டியதில்லை. 2000-களின் நடுவில் தேனி மருத்துவமனையோடு சுற்றூர்ப் பார்வை நடுவங்கள் நெடுந்தொலைவுக் கம்பியில்லாத் தொடர்பால் இணைக்கப்பட்டன. ஊரிலிருந்தவாறே தேனி மருத்துவரிடம் முகம்பார்த்துக் கண்ணைக் காட்டும் ஏந்து இப் பள்ளத்தாக்கில்தான் முன்னோடியாய் அமைந்தது. வீட்டில் முதியோர் தடுமாறி நடப்பதைக் கண்டால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, இளைஞர்கள் செய்யவேண்டியது. க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கின்றது. இரண்டுக்கும் இடைத்தொலைவு பேருந்தில் ஒரு மணிநேரம்போல. அறுவையரங்கில் எந்தக் கருவி எந்த நொடியில் கையை உறுத்துகின்றது, எது புழுதியால் அடைபடுகின்றது, எது பத்துமுறை வெப்பமேற்றியபின் துருவேறுகின்றது என்பது ஒரு கல்லூரிக்குத் தெரியும். எஃகை மெருகிடவும் துளையிடவும் மற்றொரு கல்லூரிக்குத் தெரியும். இவ்விரு அறிவும் ஒரே மேசையில் அமர்ந்தால், கண்ணுக்கு மட்டுமா, மகப்பேற்று அறுவைக்கும், மலையில் சறுக்கி விழுந்தோர்க்குச் செய்யும் எலும்பறுவைக்கும் நம் மண்ணுக்கேற்ற கருவிகள் பிறக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். அயலார் செய்த அனைத்தையும் ஒதுக்குமாறு நான் சொல்லவில்லை. இரிட்லியின் வில்லையைத்தான் மதுரையில் செய்தோம். பிறர் கண்ட உண்மையை வாங்கிக் கொண்டு, அதனை நம் கைக்கும் நம் வெயிலுக்கும் நம் ஏழையின் மடிப்பணத்துக்கும் ஏற்ப வடித்துக் கொள்வதே தன்மானமுள்ள இனத்தின் செயல். கூர்மையான கருவியை எவரும் செய்வர். தொடக்கூடாததைத் தொடாத கருவியைச் செய்ய, தொடப்படுகின்றவர்பால் அன்பு வேண்டும். அவ்வன்பும் அறிவும் உடையோர் நம்மிடையே உளர். அவர்கள் எழுக! பள்ளத்தாக்கின் கண்கள் தெளிக!